என் பையிலிருந்து எடுங்க

"எல்லாருக்கும் என் பையிலிருந்து எடுங்க," என்றார் முத்துகிருஷ்ணன்.

மலையேற ஆரம்பித்த முதல் நாள் மதியம். நாலு பேர் பையிலும் சாப்பாடு இருக்க, ஒருவர் மட்டும் தன்னுடையதை எல்லாருக்கும் பிரித்து வைக்கிறார் என்றால் யாருக்குத்தான் மனசு இளகாது?

தீபிகாவுக்கு இளகியது. சாப்பாட்டுப் பொறுப்பு அவளுடையது. மயிலாப்பூர் பூங்காவில் தினமும் காலையில் நடக்கிற நாலு பேர், ஏதோ ஒரு வேகத்தில் மூன்று நாள் மலைப்பயணம் என்று கிளம்பிவிட்டார்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் சாப்பாடு தயார் என்கிற பாக்கெட்டுகள் முப்பத்தாறு வாங்கி, ஆளுக்கு ஒன்பதாகப் பிரித்து, எந்த வேளைக்கு எது என்று பட்டியலும் போட்டு வைத்திருந்தாள்.

அன்று காலையில் மட்டும்தான் அவரவர் பாக்கெட்டை அவரவர் சாப்பிட்டது; ராத்திரிச் சாப்பாடும் முத்துகிருஷ்ணன் பையிலிருந்துதான். நடுவில் அவருடைய பிஸ்கட், கடலைமிட்டாய், பேரீச்சம்பழம் எல்லாமும் காலி. வேண்டாம் என்றாலும் விடவில்லை. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற மனிதர், கொடுத்துப் பழகிய கை என்று சுலோச்சனா மேடம் பாராட்டினார். அவர் பேங்க்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். லேசில் யாரையும் பாராட்டமாட்டார்.

மறுநாள் விடியற்காலையில் தூறல். பைகள் நனையாமல் இருக்க தீபிகா ஒவ்வொன்றாகக் கூடாரத்துக்குள் இழுத்துப் போட்டாள். அவளுடைய பையை இழுப்பதற்குள் மூச்சு வாங்கியது. முத்துகிருஷ்ணன் பையை அதே வேகத்தில் இழுத்தவள், பையோடு பின்னால் போய் உட்கார்ந்தாள். தலையணை மாதிரி வந்துவிட்டது அது.

அப்போதுதான் புரிந்தது. மனிதர் ஒரே நாளில் தன் சுமையை முழுக்க நாலு பேர் வயிற்றில் இறக்கிவிட்டார். மிச்சம் இரண்டு நாளும் கையை வீசிக்கொண்டு நடக்கலாம்.

சுலோச்சனா மேடத்திடம் சொன்னாள். நாலாவது ஆளான ஆடிட்டர் ஸ்ரீரங்கனிடமும் சொன்னாள். இரண்டு பேரும் கொதித்துப் போவார்கள் என்று நினைத்தாள். இரண்டு பேரும் யோசனையில் ஆழ்ந்தார்கள்.

காலைச் சாப்பாட்டுக்குத் தண்ணீர் கொதித்ததுதான் தாமதம், மூன்று பைகள் ஒரே நேரத்தில் திறந்தன.

"இன்னிக்கு நீங்கள்லாம் என்னோடதுதான் சாப்பிடணும். இல்லேன்னா நேக்கு மனசே ஆறாது," என்றார் ஸ்ரீரங்கன், நாலு பாக்கெட்டை நீட்டி.

சுலோச்சனா மேடம் பேசிக்கொண்டிருக்கவில்லை. தன்னுடைய நாலையும் தண்ணீருக்குள் போட்டேவிட்டார்.

பட்டியல் போட்டவள் என்ற முறையில் தீபிகா இருவரையும் தடுத்திருக்க வேண்டும். தோள்பட்டை எரிச்சலில் அவளும் நாலு பாக்கெட்டைப் பிரித்தாள்.

காலையில் ஆளுக்கு மூன்று பாக்கெட். பொங்கல், சாம்பார் சாதம், மறுபடி பொங்கல். மதியமும் அதே கூத்து. ஒருவர் தட்டில் ஒருவர் அள்ளி வைப்பதும், போதும் என்று கையைக் குறுக்கே வைத்தால் கையை விலக்கிவிட்டு வைப்பதுமாக ஓடைக்கரையே கல்யாணப் பந்தி மாதிரி இருந்தது. முத்துகிருஷ்ணனிடம் கொடுக்க ஒன்றும் இல்லை; வாங்கிக்கொள்ள வயிறு இருந்தது. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது அவர் சிரிப்பிலேயே தெரிந்தது. தட்டை நீட்டி வாங்கிச் சாப்பிட்டார்.

முதல் நாளிலிருந்தே அதே பாதையில் வந்த கல்லூரிப் பிள்ளைகள் ஐந்து பேர், எதிர்ப்பாறையில் உட்கார்ந்து இதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ராத்திரி யாருக்கும் பசிக்கவே இல்லை. மூன்றாம் நாள் காலை. நாலு பைகளும் பஞ்சு. அடிவாரத்துக்கு இன்னும் எட்டு மணி நேரம் நடக்க வேண்டும். தீபிகாவின் பட்டியலில் அன்றைக்கு ரவா கிச்சடியும் தயிர்சாதமும் இருந்தன. பட்டியலில் மட்டும்.

சர்க்கரை இல்லாத கடுங்காப்பியை ஆளுக்கு அரை டம்ளர் குடித்துவிட்டு, யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பொறுப்பானவள் நீதானே என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று தீபிகாவுக்கு உதறல்.

அப்போது அந்தப் பிள்ளைகள் வந்தார்கள். முன்னால் வந்த பெண் கையில் ஒரு பெரிய தட்டு. பிரட், ஜாம், சுடச்சுட நூடுல்ஸ். தன் பெயர் சாய்மா என்றாள்.

"உங்ககிட்ட ஒண்ணுமில்லன்னு பாத்தோம் ஆன்ட்டி. சாப்பிடுங்க."

"உங்களுக்கு வேணாமாம்மா?" என்றார் சுலோச்சனா மேடம், கை தட்டை நோக்கிப் போய்க்கொண்டிருக்க.

"நேத்து வரைக்கும் நாங்க அவங்கவங்க பாக்கெட்ட ஒளிச்சு வச்சுத்தான் சாப்ட்டோம் ஆன்ட்டி. ஒரு பிஸ்கட்டுக்கு அப்படி ஒரு சண்டை. உங்களப் பாத்தப்புறம் ரொம்ப வெக்கமாப் போச்சு. எல்லாத்தையும் ஒரே பையில கொட்டிட்டோம். இப்ப தாராளமா இருக்கு."

தீபிகா வாயருகே கொண்டுபோன பிரட்டைத் திரும்பத் தட்டிலேயே வைத்தாள். ஸ்ரீரங்கன் திடீரென்று தன் ஷூ லேஸை அவிழ்த்து, மறுபடி கட்ட ஆரம்பித்தார்.

சாய்மா விடவில்லை. முத்துகிருஷ்ணன் எதிரில் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"மொத நாளே நீங்கதான் அங்கிள் ஆரம்பிச்சீங்க, நாங்க பாத்தோம். எப்படி அங்கிள் இவ்ளோ பெரிய மனசு?"

முத்துகிருஷ்ணன் கையிலிருந்த பிரட்டைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொல்லிவிட்டார்.

"மனசெல்லாம் இல்லம்மா. முதுகு வலி."

சாய்மா கண் கலங்கத் திரும்பி, "தன்னடக்கத்தப் பாருங்கடா," என்று தன் கூட்டத்திடம் சொல்லிவிட்டு, அவர் தட்டில் இன்னும் இரண்டு பிரட் வைத்தாள்.