வெட்டிப் பூ

"என்னங்க, எழுந்திருங்க! உங்கம்மாவைக் கையும் களவுமா பிடிச்சுத் தர்றேன்!"

மனைவி போர்வையை உருவினாள். இன்னும் சரியாக விடியக்கூட இல்லை.

விஷயம் வேறொன்றுமில்லை, மொட்டை மாடிப் பூசணி.

பல் டாக்டரிடம் ரிசப்ஷனிஸ்டாக இருக்கிறவளுக்குத் திடீரென்று விவசாய ஆசை வந்துவிட்டது. தக்காளியைத் தண்ணீர் ஊற்றியே சாகடித்தாள். கீரையைப் புறாவுக்குத் தாரை வார்த்தாள். பூசணி மட்டும் எப்படியோ பிழைத்து, தொட்டியை விட்டு இறங்கி, அம்மாவின் துணிக்கொடியில் ஏறிக்கொண்டது. அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

"மாசக் கடைசிக்குள்ள ஒரு காயாவது காய்க்கணும். இல்லேன்னா பிடுங்கிப் போட்டுட்டு என் துணியைக் காயப் போடுவேன்" என்று அம்மா கெடு வைத்துவிட்டாள்.

இவள் மட்டும் லேசுப்பட்டவளா? அடியில் பிஞ்சோடு வரும் பூவைக் கண்ணே மணியே என்று கொஞ்சுவாள். பிஞ்சில்லாத பூவை, "வெட்டிப் பூ! செடியோட சத்தைத் தின்னுட்டுச் சும்மா நிக்குது" என்று மொட்டிலேயே கிள்ளி எறிவாள். அப்படியும் பிஞ்செல்லாம் பழுத்து உதிர்ந்தன. போன வாரம் தேம்பித் தேம்பி அழுதேவிட்டாள். எனக்கே பாவமாக இருந்தது.

"தினமும் தொட்டியடியில கசங்கின பூ கிடக்குதுங்க. கெடு முடியப் போகுதில்ல? உங்கம்மாதான் பறிச்சு நாசம் பண்றாங்க!"

"சேச்சே, அம்மா அப்படியெல்லாம்..."

"வாயை மூடிட்டு வாங்க!"

மூடிக்கொண்டு போனேன்.

மாடியில் அம்மா தொட்டியருகே குந்தியிருந்தாள். கையில் மஞ்சள் பூ.

"பாத்தீங்களா! அத்தை, என் பூவை ஏன் பறிச்சீங்க?"

"உன் பூ இல்லம்மா, கோடி வீட்டு மெக்கானிக்கும் பூசணி போட்டிருக்கார், அவர்கிட்ட கேட்டு வாங்கினது. நீ வெட்டின்னு கிள்ளிப் போடறியே, அதுதான் ஆண் பூவாம். அதோட மகரந்தம் பிஞ்சோட வர்ற பூவுல படலேன்னா பிஞ்சு எப்படி நிக்கும்? அந்த இலையைத் தூக்கிப் பாரு."

தூக்கினாள். குண்டுக் குழந்தை மாதிரி ஒரு காய், ஜம்மென்று உட்கார்ந்திருந்தது!

"ஐயய்யோ! காய்ங்க! காய்!"

அம்மாவைக் கட்டிக்கொண்டு தட்டாமாலை சுற்றினாள். நடுவில் நானும் மாட்டிக்கொண்டேன். சட்டென்று நின்றாள்.

"அத்தை, அப்போ நீங்க வச்ச கெடுவுல நீங்கதானே தோத்தீங்க? தோக்கறதுக்கா இவ்வளவு பாடுபட்டீங்க? என்கிட்ட சொல்லியிருந்தா நானே செஞ்சிருப்பேனே!"

அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"சொன்னா 'அத்தை சொல்லிக் கொடுத்துக் காய்ச்சது'ன்னு ஆயிடும். 'நானே வளர்த்தேன்'னு ஊரெல்லாம் நீ பீத்திக்கிறதைக் கேக்கத்தானேடி ஆசைப்பட்டேன். இப்படி வந்து கெடுத்துட்டியே!"