கண்ண மூடு, மாப்ள

இருபத்திரெண்டாவது மாடிக்கிட்ட வந்ததும் கூண்டு நின்னுபோச்சு.

மோட்டார் ரெண்டு தடவ உறுமிச்சு. அப்புறம் அதுவும் இல்ல. அந்த நேரம் பாத்துத்தான் காத்து கெளம்புச்சு.

கண்ணாடி தொடைக்கிற கூண்டு அது. ரெண்டு ஆளு நிக்கலாம், ஒரு வாளி வைக்கலாம், அவ்வளவுதான். ஒரு ஓரத்துல அவன். இன்னொரு ஓரத்துல மாமா, அவன் அக்கா புருஷன், அவனை இந்த வேலையில சேத்துவிட்டவரு.

கூண்டு ஒரு ஆட்டம் ஆடி, கட்டடத்த விட்டு வெலகிப் போயி, திரும்ப வந்து கண்ணாடியில மோதுச்சு. வாளி கவுந்துச்சு. சோப்புத் தண்ணி கால நனைச்சுட்டு இடுக்கு வழியா கீழ ஒழுகுச்சு. அது போற தூரத்த அவன் பாத்துட்டான். அதுதான் தப்பாப் போச்சு.

கம்பியப் பிடிச்ச விரல் பிரிய மாட்டேங்குது.

முதுகுப் பக்கம் பெல்ட்டுல கொக்கி இருக்கு. மொட்டை மாடியிலேந்து ஆளுக்கு ஒரு தனிக் கயிறு தொங்கும், கொக்கிய அதுல மாட்டணும். கூண்டே அறுந்தாலும் ஆளு தொங்குவான். மாட்டியிருக்கான்னு ஒரே ஒரு தடவ தடவிப் பாக்கணும் அவனுக்கு. கை வரல.

வேலைக்குச் சேந்து மூணு மாசம். தூக்கத்துலகூட முதுகத் தடவிப் பாக்குறவன். கூட வேலை பாக்குறவங்க அவனுக்கு வச்ச பேரே கொக்கிதான். மாமாவுக்கு பாஸ்டர். அவரு ஜெபத்த முடிக்கிறதுக்குள்ள சோறு ஆறிப்போயிடும்னு கிண்டல் பண்ணுவாங்க.

"மாப்ள, கண்ண இறுக்கி மூடு. என்ன ஆனாலும் நான் சொல்ற வரைக்கும் தொறக்காத. ஜெபம் பண்ணு"ன்னாரு மாமா.

மூடினான். வாயில வந்தது ஒண்ணே ஒண்ணுதான். என்னைய எறக்கி விட்ருங்க ஆண்டவரே. என்னைய எறக்கி விட்ருங்க. கண்ணாடியில மோதுற ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னான். கேக்குறாரா இல்லையான்னே தெரியல.

காத்து கொஞ்சம் அடங்குனப்ப மாமா பேசுறது கேட்டுச்சு. கெஞ்சல. பக்கத்துல நிக்கிற ஆளுகிட்ட பேசுற மாதிரி. நான் உங்க கையிலதான் இருக்கேன் ஆண்டவரே, நீங்க பாத்துக்குவீங்க. அவ்வளவுதான். அப்புறம் ஒரு பாட்டு, சுதியே சேராம.

அதக் கேக்கக் கேக்க அவனுக்குள்ள என்னமோ லேசாச்சு. கடிச்ச பல்லு விட்டுச்சு. விழுந்தாலும் உங்க கையிலதான விழுவேன்னு அவனும் சொன்னான். சொன்னதும் மூச்சு முழுசா வந்துச்சு. மூணு மாசத்துல மொதத் தடவையா கொக்கி ஞாபகமே இல்ல. தூக்கம் வர்ற மாதிரிகூட இருந்துச்சு.

மொட்டை மாடியில இருந்த ஆளுங்க மோட்டார் உருளையக் கையாலயே சுத்திச் சுத்தி கூண்ட எறக்குனாங்க. ணங்குன்னு கூண்டு தரையில உக்காந்துச்சு.

மாமா தொறக்கச் சொல்லல. அவனாத்தான் தொறந்தான்.

மாமாவோட கயிறு கூண்டுகிட்டயே இல்ல. பத்தடி தள்ளி, எட்டாத தூரத்துல, காத்துல தன்னந்தனியா ஆடிக்கிட்டு இருந்துச்சு. மொதக் காத்துலயே போயிருக்கணும். அவரு கொக்கி முதுகுல வெறுமனே தொங்குச்சு.

தன் முதுகு தனக்குத் தெரியாதுல்ல. அதனால ஒருத்தர் கொக்கிய இன்னொருத்தர்தான் மாட்டி விடணும், அந்த வேலையில அதுதான் வழக்கம். ஏறுறப்ப மாமா அவனுக்கு மாட்டி விட்டாரு. அப்புறம் திரும்பி நின்னு, ஆச்சான்னு கேட்டாரு. ஆச்சு மாமான்னான். அப்ப அவன் கை தன்னோட கொக்கியத்தான் தடவிக்கிட்டு இருந்துச்சு.

மாமாவால கம்பிய விட முடியல. அவர் விரல அவன்தான் ஒண்ணொண்ணாப் பிரிச்சு விட்டான். உள்ளங்கையில தோலு இல்ல.

ஏன் மாமா சொல்லலன்னு கேட்டான்.

"சொன்னா நீ உன் கொக்கியக் கழட்டிட்டு கயிற என்கிட்ட நீட்டியிருப்ப, லூசுப் பய"ன்னு சிரிச்சாரு.

அவன் சிரிக்கல.

நீட்டியிருக்க மாட்டான். அது அவனுக்குத் தெரியும். ஆண்டவருக்கும் தெரியும். மாமாவுக்கு மட்டும்தான் தெரியாது.