மலர்விழியிடம் கேட்டுப் பார்

"மலர்விழிக்கு போன் போட்டுக் கேளு, நிரஞ்சனி. அந்த ஜென்செட் அவளுக்கு நல்லா தெரியும்" என்று சொல்லிவிட்டு முதலாளி கார்த்திகேசு போனை வைத்துவிட்டார்.

நிரஞ்சனிக்குக் காது சூடானது. எதற்கெடுத்தாலும் மலர்விழி.

கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையத்தின் பின்புறம், ஜெனரேட்டர் அறையில் அவள் நின்றிருந்தாள். மாதாந்தர சர்வீசுக்காகக் காலையிலேயே மேருவிலிருக்கும் கம்பெனியிலிருந்து வந்திருந்தாள். எண்ணெயும் ஃபில்டரும் மாற்றி, கருவிகளை எடுத்துவைக்கும் நேரத்தில் தெரு முழுக்க மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டர் தானாகக் கிளம்பியது. கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிட்டது. பேனலில் சிவப்பு விளக்கோடு ஃபால்ட் கோட் மின்னியது: லோ ஆயில் பிரஷர்.

எண்ணெய் சரியான அளவில் இருந்தது. ஊற்றியதே அவள்தானே? ரீசெட் செய்து மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அதே கோட் வந்து நின்றது.

தாதி சந்திரகலா கதவருகே வந்தாள். "பேஷண்ட்ஸ் எல்லாம் மெஷின்ல இருக்காங்கம்மா. மெஷின் பேட்டரி ரொம்ப நேரம் தாங்காது. கொஞ்சம் சீக்கிரம் பாருங்க."

பார்க்கிறேன் என்றாள் நிரஞ்சனி. ஆனால் மலர்விழியைக் கூப்பிட மனம் வரவில்லை.

அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் முதலாளி அவளுக்குக் குளிரூட்டிய அறையில் மேசை போட்டுக் கொடுத்துவிட்டார். டெக்னீஷியன்களின் சந்தேகங்களுக்குப் போனில் பதில் சொல்வதுதான் அவள் வேலை. வெயிலில் லோரி ஏற வேண்டியதில்லை, கையில் கரி படாது. போதாததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் மத்தியானத்துக்குமேல்தான் வருவாள். முதலாளி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். நிரஞ்சனி மகளின் பள்ளிக்கூட விழாவுக்கு அரைநாள் லீவு கேட்டபோது மட்டும் ஆயிரம் கேள்வி கேட்டார்.

அந்த வெக்கையிலும் முழுக்கை சட்டைதான் போடுவாள் மலர்விழி. ஒருமுறை நிரஞ்சனியே வலியப் போய் கடையில் ஒரு கிளாஸ் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தாள். வேண்டாம்கா என்று சிரித்துக்கொண்டே தள்ளி வைத்துவிட்டாள். நாம் வாங்கிக் கொடுத்தால் இறங்காதோ என்று அன்றைக்கு நினைத்தது இன்னும் ஆறவில்லை.

இன்றைக்கு அவள் உதவி இல்லாமல் இதை ஓட்டிக் காட்டுகிறேன் என்று வீம்பு பிடித்தாள் நிரஞ்சனி. மூன்றாவது தடவையும் ஓட்டினாள். நின்றது. பேனலின் பின்மூடியைக் கழற்றி, எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்பையே துண்டித்துவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது சந்திரகலா மறுபடி ஓடிவந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் நிரஞ்சனி போனை எடுத்துவிட்டாள்.

"மறுபடியும் நின்னுடுச்சாக்கா?" என்றுதான் தொடங்கினாள் மலர்விழி.

அதற்குள் முதலாளி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் போல. நிரஞ்சனி பல்லைக் கடித்துக்கொண்டு பேனலில் வந்த கோட் என்னவென்று சொன்னாள். பாதுகாப்பைத் துண்டித்துவிட்டு ஓட்டப் போவதாகவும் சொன்னாள்.

"வேணாம்கா. நெசமாவே பிரஷர் இல்லன்னா எஞ்சின் இறுகிப் பிடிச்சிக்கும். அப்புறம் ஒண்ணுமே பண்ண முடியாது. எஞ்சின் பக்கத்துல பிரஷர் சுவிட்ச் இருக்குல்ல, அந்த ஒயர மட்டும் கழட்டிட்டு பேனல பாருங்க."

குரல் மெதுவாக, இழுத்து இழுத்து வந்தது. வேலை நேரத்தில் படுத்துக்கொண்டு பேசுகிறாள்! பின்னால் ஏதோ பீப் பீப் என்று ஓயாமல் சத்தம். டிவியாக இருக்கும். இங்கே உயிர் போகிற அவசரம், மகாராணிக்குப் படுக்கையை விட்டு எழ முடியவில்லை.

ஒயரைக் கழற்றினாள். பேனல் அதே கோட்டைத்தான் காட்டியது.

"ஒயர கழட்டியும் காட்டுதுன்னா சுவிட்ச் மேல தப்பில்ல. ஒயர் எங்கயோ இரும்புல ஒட்டுது. புது ஃபில்டர் மாட்டின எடத்துல பாருங்கக்கா."

டார்ச் அடித்துப் பார்த்தாள். ஃபில்டருக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே ஒயர் நசுங்கி, தோலுரிந்து கிடந்தது. காலையில் அவசரத்தில் அவளே நசுக்கியிருக்கிறாள். மறைக்க முடியாமல் மலர்விழியிடம் சொல்லிவிட்டாள்.

"எல்லாருக்கும் நடக்குறதுதான்கா. பாஸ்கிட்ட சொல்லமாட்டேன். டேப் சுத்தி, தள்ளிக் கட்டிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க."

அந்தப் பெருந்தன்மைதான் நிரஞ்சனிக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. டேப் சுற்றினாள், கட்டினாள், ஒயரை மாட்டினாள், பொத்தானை அழுத்தினாள்.

ஜெனரேட்டர் கிளம்பியது. சிவப்பு விளக்கு எரியவில்லை. வழக்கமாக நிற்கிற நேரம் தாண்டியும் ஓடியது. மையத்தின் மின்சுமை ஏறியதும் எஞ்சினின் குரல் கனத்தது. உள்ளே யாரோ கைதட்டினார்கள்.

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தாள் நிரஞ்சனி. வந்தது வேறு.

"ஓடுது. ஆமா, வேல நேரத்துல நீ எங்க படுத்திருக்க?"

மறுமுனையில் பீப் சத்தம் நின்றிருந்தது.

"பாஸ்கிட்ட யாருக்கும் சொல்ல வேணாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்" என்றாள் மலர்விழி. "சுவத்துக்கு இந்தப் பக்கம்தான்கா படுத்திருக்கேன். இப்பதான் என் மெஷினுக்குக் கரண்டு வந்துச்சு."