மாப்பிள்ளைக்கு முழுக்கைச் சட்டை

"மாப்பிள்ளைக்குக் கை மட்டும் அளவெடுத்தா போதும்மா. உடம்பு வேண்டாம்" என்று அவசரப்படுத்தினார் மேற்பார்வையாளர்.

தோள்பையும் அளவு நாடாவுமாக நின்ற பெண்மணி அண்ணாந்து பார்த்தார். எட்டடி உயரத்தில், மஞ்சள் நிறத்தில், ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டு நின்றது மாப்பிள்ளை. சைக்கிள் சட்டங்களுக்கு வெல்டிங் செய்யும் ரோபோ. துடைத்து, எண்ணெய் போட்டு, கோபித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் தொழிலாளர்கள் வைத்த பெயர் அது.

மேற்பார்வையாளருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: சூறாவளி. யாரோ கொடுத்த நம்பரில் பக்கத்துத் தெருத் தையல்காரம்மாவை ஒன்பது மணிக்கு வரச் சொல்லிப் போன் செய்திருந்தார். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வாசலில் அளவு நாடாவைப் பார்த்ததும், வாயைத் திறக்கவிடாமல் உள்ளே அழைத்து வந்துவிட்டார்.

"சார், ஒரு நிமிஷம், நான் வந்தது..."

"பேச நேரமில்லம்மா! பதினோரு மணிக்குத் தலைமை அலுவலகத்துலேர்ந்து சோதனை அதிகாரி வர்றார். இந்தக் கேபிளைப் பாருங்க."

ரோபோவின் கை நெடுகத் தடித்தடியாகக் கேபிள்கள் ஓடின. தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லா இடத்திலும் கறுப்பு டேப். சண்டைக்குப் போய்விட்டு வந்தவன் கட்டுப்போட்டுக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

"மூணு மாசத்துல நாலு தடவை அறுந்துடுச்சு. இது அதிகாரி கண்ணுல பட்டா மாப்பிள்ளையைக் கழட்டி வேற ஆலைக்கு அனுப்பிடுவாங்க. இங்க இருக்கிற முப்பது பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அதனால டேப் தெரியாம, ஜம்முனு ஒரு முழுக்கைச் சட்டை தெச்சு மாட்டிடுங்க. துணி நீலம். பொத்தான் உங்க இஷ்டம்!"

பெண்மணிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, "முதல்ல அசைஞ்சு காட்டச் சொல்லுங்க சார். கை எப்படி மடங்குதுன்னு தெரியாம எப்படி அளவெடுக்கிறது?" என்றார்.

மேற்பார்வையாளருக்கு அது நியாயமாகப் பட்டது. ஆபரேட்டருக்குச் சைகை காட்டினார்.

மாப்பிள்ளை இடுப்பைத் திருப்பியது, தோளைச் சாய்த்தது, முழங்கையை மடக்கியது. வெல்டிங் செய்யும்போது கையின் நுனி கோடு கிழித்தாற்போல நேராகப் போனது. வேலையில்லாத இடத்தில் வீசி வளைந்து ஓடியது. மூன்றாவது இணைப்புக்குத் தாவும்போது மணிக்கட்டு முக்கால் சுற்று சுற்ற, கேபிள் முறுக்கிக்கொண்டு 'கிறீச்' என்றது.

"போதும், நிறுத்துங்க!"

ரோபோவைச் சுற்றியிருந்த வேலிக்கு வெளியே இருந்த மின்விசையைப் பெண்மணி அணைத்தார். பையிலிருந்து சின்னப் பூட்டு ஒன்றை எடுத்து அந்த விசையில் மாட்டிப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் வேலிக்குள் நுழைந்தார். 'அளவெடுக்கவே என்ன ஒரு ஜாக்கிரதை!' என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார் சூறாவளி.

"நீலத் துணியெல்லாம் ஆகாது சார். பொறி பட்டா பத்திக்கும். தீப்பிடிக்காத உறைதான் போடணும், அதுவும் தளர்வா. முழங்கையில கேபிளை இப்படி இழுத்துக் கட்டினா, மடக்கும்போது அது எங்க போகும் பாவம்? இங்க ஒரு சாண் தொய்வு விடுங்க."

"அட, ஆமா! என் சட்டையும் அங்கதான் பிடிக்குது!"

"அப்புறம் மணிக்கட்டு. இடப்பக்கமா கால் சுத்துல போயிடலாம். இது வலப்பக்கமா முக்கால் சுத்து ஊர்வலம் போகுது. தங்கத்துல உறை போட்டாலும் கேபிள் அறுந்துடும். திரும்புற பக்கத்தை மாத்தச் சொல்லுங்க."

கட்டுகளை அவிழ்த்து, தொய்வு விட்டுக் கட்டி, ஆபரேட்டர் கணினியில் நிரலை மாற்றி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. பெண்மணி வெளியே வந்து தன் பூட்டைத் திறந்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மாப்பிள்ளை கையை வீசியது. கிறீச் இல்லை. மறுபடி வீசியது. முனகல்கூட இல்லை. இருபதாவது தடவை கேபிள் நாய்க்குட்டி மாதிரி சமர்த்தாகக் கையோடு போய்க் கையோடு வந்தபோது, சூறாவளி ஆபரேட்டரைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார். அதுவும் இடப்பக்கமாக. முப்பது பேரும் கை தட்டினார்கள். யாரோ விசிலடித்தார்.

"இத்தனை நாளா எங்கம்மா இருந்தீங்க? உறை வேணும்னு நாலு கடிதம் போட்டேன். அந்த அதிகாரி ஒண்ணுக்காவது பதில் போட்டாரா? நாற்காலியில உக்காந்து உக்காந்தே தேஞ்சுபோன மனுஷன்! உங்களுக்குத் தெரிஞ்சதுல பாதி அவருக்குத் தெரிஞ்சிருந்தா என் மீசையை எடுத்துடறேன்!"

"ஐயையோ, மீசை இருக்கட்டும் சார். உங்களுக்கு அது எடுப்பா இருக்கு" என்ற பெண்மணி, குனிந்து நோட்டில் எதையோ எழுதினார். அளவு குறிக்கிறார் என்று நினைத்த சூறாவளி, "இந்த அம்மாவுக்கு ஸ்ட்ராங்கா ஒரு டீ!" என்று கூவினார்.

அப்போது சுவரில் இருந்த போன் அடித்தது. ஆடிக்கொண்டே போய் எடுத்தார். வாசல் காவலாளி பேசினார்.

"சார், தையல்காரம்மா இப்பதான் வந்திருக்காங்க. உள்ளே விடவா?"