என் இடத்தைப் பார்த்துக்கொள்

பழைய சைக்கிள்களை வாங்கி விற்கும் கடை ஒன்றில் கியர் சைக்கிளும் சாதா சைக்கிளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. கியர் சைக்கிளின் சீட்டில் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் கவர் இன்னும் கிழியாமல் இருந்தது.

"மூன்று வீடு பார்த்துவிட்டேன். எங்கேயும் ஒரு கீறல் விழவில்லை" என்றது அது.

"யாருமே ஓட்டவில்லையா?" என்று கேட்டது டயர் தேய்ந்த சாதா சைக்கிள்.

"ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பார்கள். மற்ற நாளில் துண்டு காயப்போடுவார்கள்."

அப்போது தணிகாசலம் உள்ளே வந்தார். தொப்பையைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். சாதா சைக்கிளில் ஏறித் தெருமுனைவரை போய் வந்தார். மூச்சு வாங்கியது, ஆனாலும் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"ஆரம்பத்துக்கு இதுவே போதும் சார், விலையும் பாதிதான்" என்றார் கடைக்காரர்.

தணிகாசலம் கியர் சைக்கிளின் சீட்டைத் தடவிப் பார்த்தார்.

"ஒரு காரியத்துல இறங்கினா முழுசா இறங்கணும். இதையே கொடுங்க. கவரைக் கிழிச்சிடாதீங்க, சீட்டு அழுக்காயிடும்."

அவர் அதைத் தள்ளிக்கொண்டே வாசலைத் தாண்டும்போது கியர் சைக்கிள் திரும்பிப் பார்த்துச் சொன்னது:

"என் இடத்தில் வேறு யாரையும் நிற்க விடாதே. பொங்கலுக்குள் வந்துவிடுவேன்."