உறைக்குப் பாதுகாப்பு

"இந்த மனுஷன் உங்களுக்குக் காவலா, அந்தத் தோலுக்குக் காவலா?"

விஜயலக்ஷ்மி தினமும் காலைக் காபியோடு கணவருக்குக் கொடுக்கிற கேள்வி இது.

ராமமூர்த்தி சுங்கத்துறையில் பெரிய பதவியில் இருந்து ரிடையர் ஆனவர். அந்த நாளில் ஒரு கடத்தல் கும்பலைப் பிடித்துக் கொடுத்ததற்காக அரசாங்கம் அவருக்கு ஒரு காவலரைக் கொடுத்திருந்தது. பெயர் ஜோதிலிங்கம், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சஃபாரி சூட், இடுப்பில் தோலால் ஆன துப்பாக்கி உறை.

டெல்லி லோதி ரோடு வீட்டு வராந்தாவுக்கு வந்ததும் அவருடைய டியூட்டி ஆரம்பமாகிவிடும். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு உறையைக் கழற்றுவார். உலர்ந்த துணியால் துடைப்பார். தையல் இடுக்குத் தூசிக்குப் பழைய டூத் பிரஷ். அப்புறம் துளி தேன்மெழுகு எடுத்து, குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி பூசுவார். கடத்தல்காரன் வந்தால் அது முடிகிற வரைக்கும் அவன் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒருநாள் பாவம் பார்த்து விஜயலக்ஷ்மி தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினாள்.

"வேண்டாம்மா. எண்ணெய் பட்டா தொளதொளன்னு ஆயிரும்."

"அப்போ வெயில்லயாவது காய வைங்கோ."

"வெடிச்சிரும்மா. நிழல்தான் அதுக்கு நல்லது."

போன வாரம் நடைப்பயிற்சியின்போது தூறல் போட்டது. ஜோதிலிங்கம் குடையை விரித்து இடுப்புக்குப் பிடித்துக்கொண்டார். ராமமூர்த்தி சொட்டச் சொட்ட வீடு வந்து சேர்ந்தார்.

விஜயலக்ஷ்மிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்னா, ஆபீஸுக்குப் போன் பண்ணி வேற ஆளை அனுப்பச் சொல்லுங்கோ. நீங்க பண்ணலைன்னா நானே பண்ணிடுவேன்."

"திங்கக்கிழமை பண்றேன்."

திங்கள் வந்தது. அவர் பண்ணவில்லை. நேரிலேயே ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிடுவது என்று மறுநாள் அவளும் பார்க்குக்குக் கூடவே கிளம்பினாள்.

தப்பைக் கண்டுபிடித்தது அவள் இல்லை, ஒரு குரங்கு.

மரத்திலிருந்து இறங்கி வந்தது. வேறு யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நேரே ஜோதிலிங்கத்திடம் போய், உறையின் பட்டனைப் பிரித்து, உள்ளே கையை விட்டு எடுத்தது.

பட்டர் பேப்பரில் சுற்றிய ஒரு வாழைப்பழம்.

பேப்பரைக் கீழே போட்டுவிட்டு, அங்கேயே நின்று நிதானமாக உரித்துத் தின்றது. நடக்க வந்த கூட்டம் மொத்தமும் நின்றுவிட்டது.

"அரே பையா, இது எந்த மாடல்?" என்று ஹிந்தியில் யாரோ கேட்க, ஒரே சிரிப்பு.

"என்ன சார், உங்க செக்யூரிட்டி பழத்தாலதான் சுடுவாரா?" என்றார் தினமும் கூட நடக்கிற மாசிலாமணி.

ராமமூர்த்தி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "குரங்கைச் சுடப்படாது ஓய். அதுக்குப் பழம்தான்னு புது உத்தரவு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

விஜயலக்ஷ்மி நகரவில்லை.

"துப்பாக்கி எங்கே?"

ஜோதிலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். "ஒப்படைச்சுட்டேம்மா. அந்தக் கடத்தல் கும்பல் தலைவன் மாரடைப்புல செத்துப் போயிட்டான். இனிமே சாருக்குப் பாதுகாப்பு வேண்டாம்னு எடுத்துட்டாங்க. அதே மாசம் எனக்கும் ரிடையர்மெண்ட். இந்த உறை மட்டும் என் சொந்த உறை."

"எப்போ?"

"தீபாவளிக்கு முந்தி."

இப்போது ஹோலியே முடிந்துவிட்டது.

"சார்கிட்ட நானே நேர்ல சொல்லிக்கிடுதேன்னு ஆபீஸ்ல சொல்லிட்டுத்தான் வந்தேன். சார் ஷூவை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னு, 'கிளம்பலாமா ஜோதிலிங்கம்'னாரு. எனக்கு வாய் வரலம்மா."

"அதுக்கு வாழைப்பழமா?"

"நடக்கும்போது சாருக்கு ஒரு தடவை சுகர் இறங்கி மயக்கம் வந்துட்டு. உறையும் வெறுமனே கெடந்தா அமுங்கிப் போகும். ரெண்டுக்கும் ஆச்சுன்னு வச்சேன். தோல்ல ஈரம் படாம பேப்பர் சுத்தித்தாம்மா வைப்பேன்." கீழே கிடந்த பேப்பரைக் குனிந்து எடுத்தார். "சாருக்கு மட்டும் தெரிய வேண்டாம்மா. பாதுகாப்பு இல்லன்னா மனசு ஒடிஞ்சு போயிருவாரு."

விஜயலக்ஷ்மிக்கு இத்தனை நாள் என்ன பேச்சுப் பேசியிருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஹாலில் கணவரிடம் மெதுவாக ஆரம்பித்தாள். "ஏன்னா, ஆபீஸுக்கு ஒண்ணும் போன் பண்ண வேண்டாம். பாவம், நல்ல மனுஷன்."

"பண்ணினாலும் அவா என்ன பண்ணுவா? அவன்தான் தீபாவளிக்கு முந்தியே ரிடையர் ஆயிட்டானே."

"உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னிக்குச் சாயங்காலமே ஆபீஸ்லேர்ந்து போன் வந்துடுத்து."

"பின்னே ஏன் அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

ராமமூர்த்தி ஜன்னல் வழியாகப் பார்த்தார். வராந்தாவில் ஜோதிலிங்கம், குரங்கு கை வைத்த உறையை டூத் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ரிடையர் ஆன மறுநாள், மறந்துபோய் டை கட்டிண்டு வாசல்ல நின்னேனே. அன்னிக்கு நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லாம டிபன் பாக்ஸைக் கையில குடுத்தே?"

விஜயலக்ஷ்மி சமையலறைக்குப் போய், பழக்கூடையில் அந்த உறைக்குள் நுழைகிற அளவாக ஒரு வாழைப்பழத்தைத் தேட ஆரம்பித்தாள்.