மோதிரவிரல் நகம்

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

ரூபன் மாஸ்டர் கிட்டார் வாசிப்பவர், இசையமைப்பவர், பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுப்பவர். கம்பியை மீட்டுவதற்காக வலது கை நகங்களை வளர்த்திருந்தார். இடது கை நகங்களை ஒட்ட வெட்டிவிடுவார்.

வலது மோதிரவிரல் நகத்துக்கு எந்நேரமும் பதற்றம். “சாயங்காலம் கச்சேரி. நான் உடைந்துபோனால் மாஸ்டரின் புதுப் பாட்டு என்னாவது?”

“மகாராணி, கொஞ்சம் மூச்சு விடடி” என்றது இடது கட்டைவிரல் நகம்.

அந்த நேரம் மாணவி மெர்லினின் மடியிலிருந்து கிட்டார் நழுவியது. மாஸ்டரின் இடது கை அதைப் பிடிக்கப் பாய்ந்தது.

“நீயும் வாடி! ஒரு கை தாங்காது!” என்று கத்தியது இடது நகம்.

“ஐயோ, நான் மாட்டேன்!” வலது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டது மோதிரவிரல் நகம். கிட்டார் தரையில் விழுந்து கழுத்து முறிந்தது.

சாயங்காலம் புதுப் பாட்டு ஒரு பிசிறில்லாமல் முடிந்தது. நகம் விளக்கொளியில் பளபளத்தது. கைதட்டல் ஓய்ந்ததும் எல்லோரும் கைகொடுக்க வந்தார்கள். அழுது வீங்கிய முகத்தோடு மெர்லினும் வந்து கையை நீட்டினாள்.

“நீ போய்க் கைகொடுடி. இடது கையையா கொடுப்பார்கள்?” என்றது இடது நகம்.

மெர்லினின் முகத்தைப் பார்க்க முடியாமல் மோதிரவிரல் நகம் வலது கையையே இழுத்துக்கொண்டு கால்சட்டைப் பைக்குள் புகுந்துகொண்டது.